மாநிலப் பூச்சின்னு ஒண்ணை வச்சா எதை வைக்கலாம்? மறவன்ல ஆரம்பிச்சு முசுறு வரைக்கும்

அக்கா பையன் நாலாங்கிளாஸ் படிக்கிறான். போன மாசம் ஸ்கூல்ல மாநிலச் சின்னங்கள் சார்ட் ஒட்டிட்டு வரச் சொன்னாங்கன்னு கடையில பட ஷீட் வாங்கிட்டு வந்து உக்காந்தான். வரையாடு, மரகதப்புறா, பனை, செங்காந்தள், பலாப்பழம், கபடின்னு ஒவ்வொண்ணா வெட்டி ஒட்டிட்டு கடைசியா ஒரு ஆரஞ்சு கலர் வண்ணத்துப்பூச்சியை கையில வச்சுக்கிட்டு, "மாமா இதை எங்க போனா பாக்கலாம்"னு கேட்டான். நானும் எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரி, தமிழ் மறவன்டா, நம்ம மலையில இருக்கும், அய்யனார் கோவில் அருவி பக்கம் போனா பாத்துரலாம்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை ராஜபாளையத்துல இருந்து வண்டியை எடுத்துக்கிட்டு போனோம். போற வழியில ஆரஞ்சா நாலஞ்சு பறந்துச்சு, பையனுக்கு ஒரே சந்தோஷம், போட்டோ எடுத்து வண்ணத்துப்பூச்சி பாக்குறதையே பொழப்பா வச்சிருக்கிற நண்பர் ஒருத்தருக்கு அனுப்புனேன். அவர் பதில்: "அது வெந்தய வரியன். உங்க தெரு எருக்கஞ்செடியிலயே உக்காந்திருக்கும், இதுக்கு எதுக்குய்யா பெட்ரோல் போட்டீங்க."

அப்பதான் இந்த யோசனை வந்துச்சு. நாம தேர்ந்தெடுத்தது சரியானதுதானா? இன்னொரு தடவை தேர்ந்தெடுக்க விட்டா எதைச் சொல்லுவோம்?

முதல்ல மறவனைப் பத்தி நியாயமா பேசிருவோம். 2019 ஜூன்ல தமிழ்நாடு அரசு இதை மாநில வண்ணத்துப்பூச்சியா அறிவிச்சது, நாட்டுல இப்படி அறிவிச்ச 5வது மாநிலம் நாம. 2015ல மகாராஷ்டிரா ஆரம்பிச்சு வச்சது, அப்புறம் உத்தரகாண்ட், கர்நாடகா, கேரளா, அதுக்கப்புறம் நாம. ரெக்கையை விரிச்சா 60லருந்து 75 மில்லிமீட்டர், முழுக்க ஆரஞ்சு, ஓரத்துல மட்டும் கருப்பு கரை கட்டுன மாதிரி இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கையிலயும் இருக்கு. மலைக்காட்டுல கூட்டமா திரியும். இதோட புழு தின்னுறது நீரடிமுத்து மரத்து இலையை. இந்த மரத்தோட விதையில எடுக்கிற எண்ணெயைத்தான் நவீன மருந்து வர்றதுக்கு முன்னாடி தொழுநோய்க்குத் தடவிக்கிட்டு இருந்தாங்க. அந்த மரம் எங்க இருக்கோ அங்கதான் மறவனும், மரம் இல்லாத ஊர்ல எவ்வளவு பூச்செடி வச்சாலும் முட்டை போடுறதுக்கு வராது.

பேரு விஷயம்தான் எனக்கு கொஞ்சம் உறுத்தல். இங்கிலீஷ்ல இதுக்கு 'தமிழ் யோமன்'னு பேரு. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம பூச்சிங்களுக்கு பேர் வச்சவங்கள்ல பாதி பேர் பட்டாளத்து ஆளுங்க போல, சார்ஜென்ட், கமாண்டர், லஸ்கர், பேரன், ட்யூக், நவாப், ராஜான்னு ஒரு ரெஜிமென்ட்டையே எறக்கி வச்சிருப்பாங்க, அந்த வரிசையில வந்ததுதான் யோமன். நம்ம ஆளுங்க அதை மறவன்னு ஆக்கி ஒரு வீரத்தை ஏத்திட்டாங்க. ஆக, பேர்ல 'தமிழ்'னு இருக்குறது இதுக்கு பெரிய பிளஸ் பாயின்ட்டா போச்சு. இதே மாதிரி 'தமிழ் லேஸ்விங்'னு இன்னொண்ணும் இருக்கு, அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலை ஆளு, ரெக்கை ஓரத்துல லேஸ் வச்சுத் தச்ச மாதிரி வேலைப்பாடு, பாக்குறதுக்கு மறவனை விட அழகுன்னுதான் நான் சொல்லுவேன். பேர்ல தமிழ் இருக்கணும்ங்கிறதுதான் கணக்குன்னா அதையும் வச்சிருக்கலாம்.

ஆனா பேரை வச்சு எடுக்கிறதுல ஒண்ணும் தப்பில்ல. கர்நாடகாக்காரங்க தெற்கத்தி பேர்ட்விங்கை எடுத்தாங்க, நம்ம ஆளுங்க பொன்னழகின்னு சொல்றது அதைத்தான். காரணம் என்னன்னா அதோட மஞ்சளும் சிவப்பும் அவங்க கொடி கலரோட மேட்ச் ஆகுது, அது போக நாட்டுலயே பெரிய வண்ணத்துப்பூச்சி வேற. அப்புறம் பாத்தா 2020ல இமயமலைப் பக்கத்து கோல்டன் பேர்ட்விங் 194 மில்லிமீட்டர் அளவுல வந்து நின்னு 190ல இருந்த பழைய ரெக்கார்டை முறிச்சிருச்சு. 'பெருசு'ன்னு எடுத்தா இதுதான் நடக்கும், கலர் மட்டும் இன்னும் மேட்ச் ஆகுது.

என் பிரச்சனை பேரு இல்ல. சார்ட்டை தள்ளி வச்சு பாத்தப்ப ஒண்ணு தோணுச்சு. நம்ம விலங்கு வரையாடு, அது மேற்கு மலையோட உச்சிப் புல்வெளியில நிக்குது. நம்ம பறவை மரகதப்புறா, அது காட்டுக்குள்ள நிழல்ல மேயுது. நம்ம வண்ணத்துப்பூச்சியும் அதே மலையில. உசுரோட நடமாடுற மூணு சின்னமும் காட்டுல மலையிலதான். ராமநாதபுரத்துலயோ விழுப்புரத்துலயோ பொறந்த பிள்ளை இந்த மூணுல ஒண்ணைக் கூட பாக்காம ப்ளஸ் டூ முடிச்சிரும். செடி கொடியில மட்டும் பனையும் செங்காந்தளும் கீழ எறங்கி வந்திருக்கு, பனை ஓலை எல்லாருக்கும் தெரியும், கார்த்திகை மாசம் வேலியில செங்காந்தள் கண்ணுல படும். அப்ப அசையுற ஒண்ணாவது சமவெளிக்கு வரக்கூடாதா?

இன்னொரு விஷயம், 'மாநில வண்ணத்துப்பூச்சி'ன்னுதான் சீட்டு இருக்கு, 'மாநிலப் பூச்சி'ன்னு ஒரு சீட்டு காலியாதான் கெடக்கு. அதனால மறவனை எறக்கி விடுன்னு நான் சொல்ல வரல, பாடப்புத்தகத்துலருந்து பெயின்ட் அடிச்ச செவரு வரைக்கும் மாத்துறது யாரு. பக்கத்து சீட்டுல யாரை உக்கார வைக்கலாம்ங்கிறதுதான் கேள்வி.

இந்த மாதிரி மறுபரிசீலனை உலகத்துல நடக்காததும் இல்ல. நியூயார்க் மாநிலம் 1989ல ஒன்பது புள்ளி புள்ளிவண்டை மாநிலப் பூச்சியா வச்சது. வேடிக்கை என்னன்னா அப்பவே அங்க அது காணாமப் போக ஆரம்பிச்சு சில வருஷம் ஆகியிருந்துச்சு. மாநிலத்துல இல்லாத பூச்சி மாநிலச் சின்னமா இருக்குன்னு 2006ல கீழ்சபையில வேற ஒரு புள்ளிவண்டுக்கு மாத்துறதுக்கு மசோதா போட்டாங்க, மேல்சபையில அது ஏறல. அப்புறம் 2011ல லாங் ஐலண்ட்ல ஒரு பண்ணையில ஒன்பது புள்ளி வண்டு திரும்ப கெடைச்சிருச்சு. சின்னமா இருந்ததாலதான் அதைக் காணோம்னு இவ்வளவு பேச்சு ஓடுச்சு, தேடவும் ஆள் இருந்துச்சுன்னு ஒரு பக்கம் சொல்லலாம். இதே அமெரிக்காவுல பதினஞ்சு மாநிலத்துக்கு மேல தேனீயைச் சின்னமா வச்சிருக்காங்க, எந்தத் தேனீ தெரியுமா, ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல கொண்டு போன தேனீ. அந்த ஊருக்கே வந்தேறி. அது என் மனசுல நின்னுருச்சு, ஏன்னா நம்ம ஊர்ல மாநிலப் பூச்சி எதுன்னு பத்து பேர்கிட்ட கேட்டா ஏழு பேர் தேனீன்னுதான் சொல்லுவாங்க.

தேனீயோட கேஸ் பலமான கேஸ், அதை ஒத்துக்கிறேன். நம்ம இலக்கியத்துலயே ரொம்ப ஃபேமஸான சண்டைக்கு நடுவுல பறந்தது ஒரு தும்பிதான். குறுந்தொகையோட ரெண்டாவது பாட்டு, பூந்தாது தேடிப் பொழைக்கிற தும்பியைக் கூப்பிட்டு, மனசுக்காகப் பேசாம கண்டதைச் சொல்லு, இவ கூந்தலை விட வாசமான பூ இருக்கான்னு கேக்குற பாட்டு, அதை வச்சுதான் நக்கீரர் நெற்றிக்கண் கதையே கிளம்புச்சு. இன்னைக்கு தும்பின்னா நாம தட்டானைச் சொல்றோம், அன்னைக்கு தும்பின்னா பூவுல தேன் குடிக்கிற வண்டினம். வார்த்தையே ஒரு பூச்சியில இருந்து இன்னொரு பூச்சிக்கு பறந்து போயிருக்கு.

தொழில்னு பாத்தாலும் கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம் சுத்துவட்டாரம் முழுக்க தேன்பெட்டிதான். 2023ல மார்த்தாண்டம் தேனுக்கு புவிசார் குறியீடு கெடைச்சது. அங்க சீசன்ல தேன் வர்றது பெரும்பாலும் ரப்பர் தோட்டத்துல இருந்து, அதுவும் பூவுல இருந்து இல்ல, இலை உதிர்ந்து புதுசா துளிர் விடுறப்ப இலைக்காம்புல ஊறுற இனிப்புல இருந்து. இதைக் கேட்டா நம்ப மாட்டாங்க. பெட்டியில வளக்குறது நம்ம நாட்டுத் தேனீ, அடுக்குத்தேனீன்னு சொல்றது. 1991, 92 வாக்குல தாய் சாக் ப்ரூட்னு ஒரு வைரஸ் வந்து புழுவெல்லாம் பை மாதிரி ஊதிச் செத்து தென்னிந்தியா முழுக்க பெட்டி பெட்டியா காலியாச்சு. அதுக்கப்புறம்தான் இத்தாலித் தேனீ வளக்குறது இங்க நெறைய எடத்துல சூடு பிடிச்சது.

மலைத்தேனீ இன்னொரு கதை. நீலகிரியில குறும்பர்கள் காட்டுக்கொடியில ஏணி கட்டி பாறை விளிம்புல தொங்கி எடுக்கிறது அதோட தேனைத்தான். அது ஒரே எடத்துல இருக்காது, சீசனுக்கு சீசன் மலைக்கும் சமவெளிக்கும் நடுவுல எடம் மாறும், அதனாலதான் திடீர்னு ஒரு நாள் அபார்ட்மென்ட் தண்ணித் தொட்டிக்கு அடியில ஒரு அண்டா அளவு கூடு தொங்குது, அசோசியேஷன் கூடி ஆளை வரச் சொல்லி ராத்திரியோட ராத்திரியா தீயை வச்சு பொசுக்கிடுறாங்க. கொம்புத்தேனீ, கொசுத்தேனீன்னு இன்னும் இருக்கு. 2022ல மேற்குத் தொடர்ச்சி மலையோட கருப்புத் தேனீயை தனி இனம்னு பேர் வச்சு அறிவிச்சாங்க, ஆக வீட்டுக்குள்ள எத்தனை பேர் இருக்காங்கன்னே இன்னும் எண்ணி முடிக்கல.

அப்ப ஏன் தேனீ வேண்டாம்ங்கிறேன்? 'தேனீ'ன்னு பொதுவா அறிவிச்சா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். போஸ்டர் டிசைன் பண்றவர் நெட்ல தேடி முதல்ல வர்ற படத்தை எடுத்து ஒட்டுவார், அது இத்தாலித் தேனீயா இருக்கும். அமெரிக்காக்காரன் தெரிஞ்சே வந்தேறியை வச்சான், நாம தெரியாமலே வச்சிருப்போம். மலைத்தேனீன்னு இனத்தைக் குறிச்சு, படத்தோட அரசாணை போட்டா நான் வாயை மூடிக்கிறேன், என் லிஸ்ட்ல அது ரெண்டாவது இடம்.

பட்டுப்பூச்சின்னு சொல்றவங்க ரெண்டு வகை. காஞ்சிபுரம் பட்டை நெனச்சு சொல்றவங்களுக்கு: மல்பெரி தின்னுற அந்தப் பூச்சி சீனாவுல இருந்து வந்தது, ஆயிரக்கணக்கான வருஷமா வளத்து வளத்து அதுக்கு பறக்கவே தெரியாது, அதோட கூட்டை வெந்நீர்ல போட்டுதான் நூலே எடுக்குறோம். கொதிக்க வைக்கிறதை சின்னமா வச்சா நல்லாருக்காது. இன்னொரு வகை, முதல் மழைக்கு அப்புறம் செம்மண்ணுல வெல்வெட் மாதிரி செவப்பா ஊர்ந்து போகுமே அதைச் சொல்றவங்க. தம்பலப்பூச்சி, இந்திரகோபம், சங்கப்பாட்டுல மூதாய். என் ஓட்டு கூட அதுக்குத்தான் விழுந்திருக்கும், அவ்வளவு அழகு. ஆனா எண்ணிப் பாருங்க, எட்டு கால். பூச்சின்னா ஆறு. அது சிலந்தி, உண்ணி குடும்பத்து ஆளு, வேட்புமனு தள்ளுபடி.

ஈசல், கரையான் வேண்டாம், வீட்டுல மரக்கதவு வச்சிருக்கிற யாரும் ஓட்டு போட மாட்டாங்க.

தட்டானுக்கு கொஞ்சம் நேரம் குடுக்கலாம். தும்பி பறந்தா தூரத்துல மழைன்னு சொலவடையே இருக்கு, வால்ல நூல் கட்டி கல்லைத் தூக்க வச்ச பாவத்தைப் பண்ணாத கிராமத்துப் பையன் கெடையாது, அதோட குஞ்சு தண்ணிக்குள்ள இருந்து கொசுப்புழுவைத் தின்னுது. ஐப்பசி வாக்குல கூட்டம் கூட்டமா மஞ்சளா பறக்குமே, அந்த வகைத் தட்டான் இந்தியாவுல இருந்து கிளம்பி மாலத்தீவு வழியா இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகுதுன்னு 2009ல ஒரு உயிரியலாளர் எழுதுனாரு, மாலத்தீவுல நல்ல தண்ணிக் குளமே அவ்வளவா இல்லாத எடத்துல லட்சக்கணக்குல வந்து எறங்குதே எங்கருந்து வருதுன்னு வருஷக்கணக்குல கணக்கு வச்சுக் கண்டுபிடிச்சது. சின்னப் பூச்சி, கடல் தாண்டுது, தமிழனுக்கு இதைவிடப் பொருத்தமா வேற என்ன வேணும்னு மேடையில பேசலாம். ஆனா அந்தத் தட்டான் உலகம் பூரா இருக்கு, நாம அதுக்கு ஒரு பஸ் ஸ்டாப் மட்டும்தான்.

மின்மினி. இதுல நான் ரெண்டு நாள் தடுமாறினேன்னு சொல்லணும். 2022 ஏப்ரல்ல ஆனைமலை புலிகள் காப்பகத்துல உலாந்தி பக்கம் காடு முழுக்க மின்மினிங்க ஒரே தாளத்துல எரிஞ்சு அணைஞ்ச வீடியோ வந்துச்சே, பாத்திருப்பீங்க, ஒரு மரம் ஆரம்பிக்க அடுத்த மரம் வாங்க அப்படியே ஒரு அலை மாதிரி ஓடும். சங்கப் பாட்டு ஒண்ணு இருக்கு, நடுராத்திரி மழையில புத்து மேல மின்மினி மொய்ச்சுக்கிட்டு இருக்கு, கரடி வந்து கையை விட்டு அந்தப் புத்தைக் கெளறுது, பொறி பறக்குற மாதிரி மின்மினி செதறுது, பாக்குறவனுக்கு அந்தக் கரடி பட்டறையில இரும்படிக்கிற கொல்லன் மாதிரி தெரியுது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் ராத்திரி மழையில நனைஞ்சுக்கிட்டு இதைப் பாத்திருக்கான் பாருங்க! தூக்கணாங்குருவி கூட்டுக்குள்ள களிமண்ணுல மின்மினியை ஒட்டி வச்சு விளக்கு போட்டுக்கும்னு எங்க பாட்டி சொன்னதை நான் காலேஜ் வரைக்கும் நம்பிக்கிட்டு இருந்தேன்.

அதுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு, இருட்டு. ஆணும் பொண்ணும் வெளிச்சத்தை வச்சுதான் ஒண்ணை ஒண்ணு கண்டுபிடிக்குது, நம்ம எல்ஈடி தெருவிளக்கு அடிக்கிற எடத்துல அந்தப் பேச்சே நடக்காது. அதனால மின்மினியைச் சின்னமா வச்சா ராத்திரி வெளிச்சத்தைக் குறைக்கணும்னு ஒரு பேச்சாவது வரும்னு ஒரு நண்பர் வாதாடுனாரு, நியாயமான வாதம். எனக்குப் பயம் வேற. மகாராஷ்டிராவுல புருஷ்வாடி மாதிரி ஊர்ல மழைக்கு முன்னாடி மின்மினி பாக்குறதுக்குன்னே சுற்றுலா நடக்குது, வண்டி ஹெட்லைட்டும் கூட்டமும் அதுங்களைக் கெடுக்குதுன்னு அங்கேயே புலம்புறாங்க. நம்ம ஊர்ல 'மாநிலப் பூச்சி'ன்னு போர்டு வச்சா அடுத்த சனிக்கிழமை டாப்ஸ்லிப் ரோட்டுல எத்தனை கார் நிக்கும்னு யோசிச்சேன், எல்லார் கையிலயும் போன் டார்ச். அதோட மறுபடியும் மலைக்குத்தான் ஏறணும். வேண்டாம்னு விட்டேன், மனசில்லாமதான்.

பொன்வண்டு பேரைச் சொன்னாலே நாப்பது வயசு தாண்டுன எல்லாரும் ஒரு நிமிஷம் அமைதியாயிருவாங்க. தீப்பெட்டிக்குள்ள கொடுக்காப்புளி இலையைப் போட்டு, மூடியில ஓட்டை போட்டு, முட்டை வச்சிருக்கான்னு கிளாஸ்ல டெஸ்க்குக்கு அடியில தெறந்து தெறந்து பாத்தது. மழை பேஞ்சதும் உடைமரத்துலயும் கருவேலத்துலயும் வரும், புழுவா இருக்குறப்ப மண்ணுக்குள்ள வேரைத் தின்னுகிட்டு கெடந்துட்டு வெளிய வந்து சில வாரம் வாழ்ந்துட்டுப் போயிரும். அந்தப் பச்சை சாயம் இல்ல, ஓட்டோட அமைப்புல வெளிச்சம் பட்டு வர்ற நிறம், அதனாலதான் பூச்சி செத்து நூறு வருஷம் ஆனாலும் மங்காது. 19ஆம் நூற்றாண்டுல சென்னையிலயும் கொல்கத்தாவுலயும் இந்த ரெக்கை ஓட்டை மஸ்லின் துணியில தச்சு வெள்ளைக்காரிங்களுக்கு கவுன் போச்சு. 1888ல லண்டன்ல எல்லன் டெர்ரின்னு ஒரு நடிகை லேடி மக்பெத் வேஷத்துக்குப் போட்ட பச்சை கவுன்ல ஆயிரம் கிட்ட பொன்வண்டு ஓடு இருக்கு, அந்த உடுப்பு இன்னைக்கும் இருக்கு, இன்னைக்கும் மினுங்குது. நம்ம ஊர்ல துணி சோப்புக்கே பொன்வண்டுன்னு பேர் வச்சாச்சு.

வறண்ட நெலத்துப் பூச்சி, முள்ளுமரத்துப் பூச்சி, அழகு, பேரு தமிழ். நான் கேட்ட எல்லாம் இருக்கு. இருந்தும் எனக்கு ஒரு தயக்கம். நாம எல்லாரும் பொன்வண்டை நெனைக்கிறது அதுக்காக இல்ல, நம்ம சின்ன வயசுக்காக. தீப்பெட்டியில போட்டு நாலு நாள்ல சாகடிச்சது யாரு, நாமதான். இன்னைக்கு அக்கா பையன்கிட்ட பொன்வண்டுன்னா என்னன்னு கேட்டேன், சோப்புன்னான். அவனுக்கு அது சின்னம் ஆனா அப்பா, மாமா தலைமுறையோட ஆல்பத்துல இன்னொரு போட்டோ, அவ்வளவுதான். மழைக்காலத்துல சில வாரம் போக மீதி வருஷம் முழுக்க காட்டவும் முடியாது.

இப்ப என் ஆளுக்கு வர்றேன். சிரிக்கக் கூடாது.

முசுறு. மாமரத்துல இலையைச் சேத்துத் தச்சு பந்து மாதிரி கூடு கட்டிக்கிட்டு, ஏறுனா சட்டைக்குள்ள புகுந்து பின்னி எடுக்குமே, அந்தச் செவப்பு எறும்பு. முயிறுன்னும் சொல்லுவாங்க. நற்றிணையில ஒரு பாட்டுல கொளத்துக்கரை மரத்துல முயிறு மொய்க்கிற கூடுன்னு வருது, அதே சொல்லு, லேசா தேஞ்சு முசுறுன்னு எங்க அம்மா வாயில வருது. தும்பி மாதிரி வேற பூச்சிக்கு ஓடிப் போகல, அதே எறும்பு, அதே கூடு. மறவனுக்கு தமிழ்ப் பேரு வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னு கணக்கு போட்டுப் பாருங்க.

அது கூடு கட்டுறதை ஒரு தடவையாவது நின்னு பாத்திருக்கீங்களா? ரெண்டு இலைக்கு நடுவுல இடைவெளி ஒரு எறும்புக்கு எட்டலைன்னா ஒண்ணோட இடுப்பை இன்னொண்ணு கவ்விப் பிடிச்சு சங்கிலி போடும், வரிசையா நின்னு இழுத்து ரெண்டு விளிம்பையும் சேத்து வச்சுக்கும். அப்புறம் வேற சில எறும்பு உள்ள இருந்து புழுவைத் தூக்கிட்டு வரும், தங்கச்சிங்கதான், அந்தப் புழுவை வாயில கவ்விக்கிட்டு இந்த இலையில ஒரு தட்டு அந்த இலையில ஒரு தட்டு, தட்டத் தட்ட புழு வாயில இருந்து நூல் வருது, தறியில நாடா ஓடுற மாதிரியே. வளந்த எறும்புக்கு நூல் விடத் தெரியாது, குழந்தைகிட்ட மட்டும்தான் இருக்கு. இப்படி ஒரே குடும்பம் பல மரத்துல பல கூடு போட்டு லட்சக்கணக்குல வாழும், எல்லையில இருக்குற கூடுல காவலுக்கு நிக்கிறது வயசான எறும்புங்க, பாட்டிங்கதான் முதல் ஆளா வந்து கடிக்கிறது. நெசவையும் தையலையும் நம்பி இத்தனை ஊர் பொழைக்கிற மாநிலத்துக்கு இதைவிட ஒரு சின்னம் யாராவது சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.

கொடுக்கு கெடையாது, கடிச்சுட்டு அந்தப் புண்ணுல ஃபார்மிக் ஆசிட்டைப் பீச்சும், அதான் அந்த எரிச்சல். ஆனா அந்தக் கடிதான் விவசாயிக்கு சம்பளம் வாங்காத காவல்காரன். சீனாவுல நாலாம் நூற்றாண்டு வாக்குலயே ஆரஞ்சுத் தோட்டத்துக்காரங்க இந்தக் கூட்டை சந்தையில காசு குடுத்து வாங்கி மரத்துல கட்டி வச்சாங்க, மருந்துக்கடை இல்லாத காலத்துல அதான் பூச்சிமருந்து. முந்திரியில பூவையும் துளிரையும் கருக்குற தேயிலைக்கொசுவை இது நல்லாப் புடிக்கும். ஒடிசாவுல ஒரு படி மேல போயி இதை அரைச்சு சட்னி பண்றாங்க, மயூர்பஞ்ச் பக்கத்து அந்தச் செவ்வெறும்பு சட்னிக்கு 2024ல புவிசார் குறியீடும் வாங்கிட்டாங்க. நாம முந்திக்கலைன்னா அவங்க சின்னமாவும் வச்சிருவாங்க.

குறை இல்லாமலா, இருக்கு. மாவுப்பூச்சியை இது மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கும், அது விடுற இனிப்புத் தண்ணிக்காக அதுக்குக் காவல் நிக்கும், அதனால ஒரு பூச்சியை விரட்டுறவன் இன்னொண்ணுக்கு பாதுகாப்பு குடுக்குறான், தோட்டக்காரங்க திட்டுறதுல அர்த்தம் இருக்கு. தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமும் இல்ல, இங்கருந்து ஆஸ்திரேலியா வடக்கு வரைக்கும் இருக்கு. பனை மட்டும் நமக்கு மட்டுமா சொந்தம், இலங்கையிலயும் கம்போடியாவுலயும் இல்லையா. அழகில்லைன்னு சொல்லுவாங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, கிட்டப் போயி பாருங்கன்னு மட்டும் சொல்லுவேன், ரொம்பக் கிட்டப் போகாதீங்க.

அழிஞ்சுக்கிட்டு இருக்குறதைத்தானே சின்னமா வைக்கணும், முசுறுக்கு என்ன கேடுன்னு வண்ணத்துப்பூச்சி நண்பர் கேட்டாரு. அந்த வேலைக்குத்தான் வரையாடும் மறவனும் இருக்கே, நீரடிமுத்து மரத்தைக் காப்பாத்துறதுக்கு மறவன் அந்த சீட்டுல இருக்கட்டும். நான் கேக்குறது ஒரு பிள்ளை சார்ட்டை மடிச்சு வச்சுட்டு கொல்லைக்குப் போயி அஞ்சு நிமிஷத்துல பாக்குற மாதிரி ஒண்ணு. அவர் கொஞ்ச நேரம் கழிச்சு, "மலைத்தேனீன்னா நான் கையெழுத்து போடுறேன், எறும்புக்கெல்லாம் மாட்டேன்"னாரு. ஒரு ஓட்டு போச்சு.

அம்மாகிட்ட சொன்னேன், முசுறை மாநிலப் பூச்சி ஆக்கணும்னு. "போன வருஷம் சப்பட்டை மாமரத்துல காய் பறிக்க ஏறுன பையன் பாதியில குதிச்சு கால் பிசகி ஒரு மாசம் கெடந்தான், அதுக்கு சின்னம் வேறயா, முதல்ல அந்தத் தொறட்டியை எங்க வச்சன்னு பாரு"ன்னாங்க. ரெண்டாவது ஓட்டும் போச்சு.

அக்கா பையன் மட்டும் என் கட்சி. மாமரத்துக்கு அடியில ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் அந்த இலைத் தையலைப் பாத்துட்டு, ரெண்டு கடியும் வாங்கிட்டு, சார்ட்ல கபடிக்குப் பக்கத்துல காலியா கெடந்த எடத்துல ஸ்கெட்ச் பேனாவால பெருசா ஒரு முசுறு வரைஞ்சு வச்சிருந்தான். எட்டு கால் போட்டிருந்தான், ரெண்டை வெள்ளை மையில அழிச்சுவிட்டேன்.